தாருக்கும் சரளைக்கும் ஒரே டயர்

மோட்டார் சைக்கிளின் டயர் தேய்ந்தால் அதே அளவில் வேறொன்றை வாங்கி மாட்டுவதுதானே, இதில் ஆராய என்ன இருக்கின்றது என்று மாணவ நண்பர்கள் கேட்கலாம். புதுச்சேரி நகரத்தின் நேரான வீதிகளில் மட்டும் செல்வோருக்கு அக்கேள்வி நியாயமானதே. ஆனால் என்னைப்போல நகரத்தை விட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சிறிது சென்று, குயிலாப்பாளையம் கடந்து ஆரோவில்லின் செம்மண் வழிகளில் நுழைவோருக்குப் பாதி வழி தார், மீதி வழி சரளை. அத்தகையோர் கடையில் நின்று, "இன்னும் அகலமாகப் போடுங்கள், சறுக்காது" என்று சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கின்றேன். அகலம் கூடினால் பிடிப்பும் கூடும் என்பது அவர்கள் நம்பிக்கை. அது எவ்வளவு தூரம் சரி?

டயரின் பக்கத்தில் 90/90-19 என்று பொறித்திருப்பதாகக் கொள்வோம். முதல் எண் அகலம், 90 மில்லிமீட்டர். அடுத்தது, உயரம் அந்த அகலத்தில் 90 விழுக்காடு, அதாவது 81 மில்லிமீட்டர் என்பதைக் காட்டும். 19 என்பது ரிம்மின் விட்டம்; அது மட்டும் அங்குலக் கணக்கு! மெட்ரிக் அளவையை உலகுக்குத் தந்த பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊரில் இருந்துகொண்டு இந்தக் கலப்பைக் காணுந்தோறும் எனக்குச் சிரிப்பு வரும்.

இனிக் கணக்கிடுவோம். 19 அங்குலம் 482.6 மில்லிமீட்டர். மேலும் கீழும் 81 சேர்த்தால் டயரின் முழு விட்டம் 644.6. அதற்குப் பதிலாக 100/90-19 மாட்டினால் விட்டம் 662.6 ஆகின்றது. வேகமானி முன்சக்கரத்தால் இயங்குவதாயின், அது 60 காட்டும்போது உண்மை வேகம் 61.7 அளவில் இருக்கும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறொன்று. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் 9 மில்லிமீட்டர் குறைந்துவிடுகின்றது. கோடையில் இது தெரியாது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும், செம்மண் சேறு சரளைக் கற்களையும் சேர்த்துக்கொண்டு டயரில் அப்பி, அந்த இடுக்கில் அடைந்துகொள்ளும். முன்சக்கரம் அப்படியே நின்றுவிடவும் கூடும். சக்கரம் நின்றால் அதன்மேல் இருப்பவர் நிற்பதில்லை.

மேலும், டயர் அகன்றதனால் ரிம் அகன்றுவிடுவதில்லை. குறுகிய ரிம்மில் அகன்ற டயரை ஏற்றினால் அதன் பக்கங்கள் உள்நோக்கி இழுக்கப்பட்டு, மேற்பரப்பு கூம்பிவிடும். தரையைத் தொடும் பகுதி நாம் எண்ணிய அளவு அகலாது. எந்த அளவுக்கு எந்த ரிம் பொருந்தும் என்பது டயர் செய்வோரின் அட்டவணையில் இருக்கின்றது. அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

உறுதியான தரையின்மேல் சரளை தூவிக் கிடக்கும் வழியில், குறுகிய முன்டயரே பெரும்பாலும் நல்லது என்பது என் கருத்து. அது கற்களை விலக்கி அடித்தரையைத் தேடிப் பிடிக்கும். அகன்றது கற்களின்மேல் மிதந்து அலையும். விட்டம் பெரிதாயிருப்பதும் நன்று. மாட்டுவண்டிச் சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறுவதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பின்சக்கரத்தில் சிறிது இடம் உண்டு. 110/90-18 அளவுக்கும் 120/80-18 அளவுக்கும் விட்டத்தில் 6 மில்லிமீட்டரே வேறுபாடு. ரிம் ஏற்றுச் சங்கிலியிலும் உரசாதாயின் ஒன்றுக்கு மற்றொன்றைப் போடலாம்.

ஆகவே அளவை விட்டுவிட்டுப் புடைப்புகளை மாற்றுவதே தக்க வழி. தனித்தனிக் கட்டைகளாக நிற்கும் முழுப் 'பட்டன்' டயர் சேற்றுக்கு உகந்தது. ஆனால் தாரில் அதன் ரப்பர் குறைவாகவே படிவதால், மழையில் பிரேக் பிடித்தால் நெடுந்தூரம் சென்று நிற்கும். நடுத்தரக் கட்டைகள் நெருங்கி அமைந்ததே நமக்குப் போதும். காற்றைச் சரளையில் சற்றுக் குறைக்கலாம். மிகக் குறைத்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கிப் பஞ்சராகும். தாருக்குத் திரும்பியதும் வண்டி செய்தவர் குறித்த அளவுக்கு மீண்டும் நிரப்பிவிட வேண்டும்.

வாங்கும்போது இன்னும் இரண்டு குறிகளைப் படியுங்கள். 52P என்றிருந்தால் அந்த டயர் 200 கிலோ சுமையையும் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தையும் தாங்கும். பழைய டயரில் இருந்ததற்கு இது குறையலாகாது. நான்கு எண்கள் கொண்ட மற்றொரு குறி, அது செய்யப்பட்ட காலம். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம்.