ஸ்கூட்டருக்கு ஏற்ற பெல்ட்: அளவு அறியும் முறை

நமது கிராமங்களில் ஓடும் வாகனங்களின் தன்மை சென்ற சில ஆண்டுகளில் பெரிதும் மாறிவிட்டது. பால் கூட்டுறவுச் சங்கத்திற்குப் பால் கொண்டுசெல்லும் பெண்மணியும், சுகாதார ஊழியரும், சுயஉதவிக் குழுவின் பொறுப்பாளரும் கியர் மாற்றும் வேலையில்லாத ஸ்கூட்டரிலேயே செல்கின்றனர். 2018 பிப்ரவரி 24 அன்று சென்னையில் தொடங்கப்பெற்ற அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தின் கீழ், பணிபுரியும் மகளிர்க்கு வண்டி விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அது மானியமாக அளிக்கப்பெற்றது. அவ்வாறு வாங்கிய வண்டிகள் பலவற்றிற்குப் பெல்ட் மாற்ற வேண்டிய காலம் வந்திருக்கிறது. தவறான பெல்ட்டைப் பூட்டினால் வண்டி நடுவழியில் நிற்கும். அன்றைய பாலும் கெடும், கூலியும் போகும். ஆகவே பெல்ட்டின் அளவைக் கணிக்கும் முறையைச் சற்று விரிவாகக் காண்போம்.

ஆயில் எஞ்சினையும் பம்பையும் இணைக்கும் பெல்ட்டை அறியாத விவசாயி இல்லை. அங்கே புல்லிகளின் விட்டம் மாறுவதில்லை. பெல்ட் சற்றே நீண்டுவிட்டால் எஞ்சினை அடிமணையில் நகர்த்தி இறுக்கிவிடலாம். ஸ்கூட்டரின் நிலை இதற்கு நேர்மாறானது. அதன் இரு அச்சுகளும் கூட்டினுள் அசையாமல் நிலைபெற்றவை. மாறுவன புல்லிகளின் விட்டங்களே. ஒவ்வொரு புல்லியும் இரண்டு தட்டுகளால் ஆனது. தட்டுகள் நெருங்கினால் பெல்ட் வெளிவிளிம்பு நோக்கி ஏறும். விலகினால் உள்ளே இறங்கும். எஞ்சின் வேகம் கூடக்கூட முன்புல்லியிலுள்ள ரோலர்கள் வெளிப்புறமாக ஒதுங்கித் தட்டை நெருக்குகின்றன. முன்னே பெல்ட் ஏற, பின்னே சுருள்வில்லை மீறித் தட்டுகள் விலகிப் பெல்ட் இறங்குகிறது. பல்சக்கரம் மாற்றாமலே வேக விகிதம் படிப்படியின்றி மாறுகின்ற இவ்வமைப்பையே சி.வி.டி. என்கின்றனர், பட்டறைகளில் முன்புல்லிக்கு வேரியேட்டர் என்று பெயர். நெதர்லாந்து நாட்டின் டாஃப் நிறுவனம் 1958-இல் இம்முறையை ஒரு சிறு மோட்டார் காரில் பொருத்தி வெளியிட்டது. நம் நாட்டில் 1980-களில் கைனெடிக் ஹோண்டா ஸ்கூட்டர் இதைப் பலருக்கும் அறிமுகம் செய்தது. சக்கரத்தில் ஓடும் நெல் அறுவடை இயந்திரங்கள் பலவற்றிலும் இதே தத்துவம் பெரிய அளவில் வேலை செய்கிறது.

முதலில் நீளத்தைக் கவனிப்போம். கணக்கு கடினமானதன்று. இரு அச்சுகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை 2-ஆல் பெருக்குக. இரு புல்லிகளிலும் பெல்ட்டின் முதுகு நிற்கும் வட்டங்களின் விட்டங்களைக் கூட்டி 1.57-ஆல் பெருக்குக. அவ்விட்டங்களின் வித்தியாசத்தை அதே எண்ணால் பெருக்கி, அச்சுகளின் இடைத்தூரத்தைப்போல் நான்கு மடங்கால் வகுக்க. மூன்று விடைகளையும் கூட்டினால் பெல்ட்டின் வெளிநீளம் கிடைக்கும்.

ஓர் உதாரணம் கொள்வோம். இடைத்தூரம் 270 மி.மீ. வண்டி நிற்கையில் முன்னே 50, பின்னே 120 மி.மீ. விட்டம். 540-உம், 267-உம், 4.5-உம் கூடி ஏறத்தாழ 812 மி.மீ. ஆகிறது. வண்டி முழு வேகத்தில் செல்கையில் முன்னே 108, பின்னே 64 மி.மீ. எனில், 540-உம், 270-உம், 1.8-உம் கூடி மீண்டும் 812 வருகிறது. இரு நிலைகளிலும் ஒரே விடை வருவதே சரியான பெல்ட்டுக்கு அடையாளம். விடைகள் வெகுவாக வேறுபட்டால் அளந்ததில் பிழை உள்ளது என்று அறிக.

இதே வண்டியில் 10 மி.மீ. குறைந்த பெல்ட்டைப் பூட்டினால், நிற்கும்போதே பின்புல்லியின் தட்டுகள் விலகிக்கொண்டு 120-க்குப் பதில் 114 மி.மீ. வட்டத்தில் பெல்ட் நிற்கும். புறப்படும்போது இழுவை இருபதில் ஒரு பங்கு குறையும். மேடேறுகையில் கிளட்ச் திணறும். 10 மி.மீ. கூடிய பெல்ட்டோ, ஏறுவதற்கு வெளிவிளிம்பில் இடமின்றித் தளர்ந்து கூட்டில் அடிபடும்.

நீளத்தை மட்டும் பார்த்து வாங்குவதே பலரும் செய்வது. உண்மையில் அதனினும் முக்கியமானது அகலம். பெல்ட்டின் இரு பக்கங்களும் தட்டுகளோடு உராய்ந்து தேய்வதால், நாளடைவில் குறைவது அகலமே. உள்ளே வலுவான இழைகள் ஓடுவதால் நீளம் அதிகம் மாறுவதில்லை. பக்கங்களின் மொத்தக் கோணம் 30 பாகையானால், அகலத்தில் 1 மி.மீ. தேய்வு பெல்ட்டைச் சுமார் 1.9 மி.மீ. ஆழத்தில் இறக்கிவிடும். மேற்கண்ட வண்டியில், முழு வேகத்தில் முன்வட்டம் 108-லிருந்து சுமார் 104 ஆகக் குறையும். பின்வட்டம் 64-லிருந்து ஏறத்தாழ 68 ஆகும். அதே எஞ்சின் வேகத்தில் மணிக்கு 60 கி.மீ. சென்ற வண்டி 55-க்கு மேல் செல்லாது. ஒரு மில்லிமீட்டர்தானே என்று அலட்சியம் செய்பவர் பெட்ரோல் செலவைக் கவனிப்பாராக!

ஆகவே தேய்ந்த பெல்ட்டைக் கடைக்கு எடுத்துச் சென்று, ‘இதைப்போல் ஒன்று கொடுங்கள்’ என்று கேட்பது சரியான வழியன்று. பழைய பெல்ட் நீளத்திற்குச் சாட்சி சொல்லும், அகலத்திற்குச் சொல்லாது. அகலத்தை வண்டியின் கையேட்டில் காண்க. அதில் குறித்த தேய்மான எல்லையை வெர்னியர் கொண்டு சரிபார்த்தல் வேண்டும். நீளத்தை அளக்க, முதுகில் சாக்கட்டியால் ஒரு கோடிட்டு, அங்கிருந்து ஒரு நூலைச் சுற்றிலும் ஒட்டிப்பிடித்து மீண்டும் கோட்டிற்கே வந்து, அந்த நூலை நீட்டி அளக்கலாம். வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா கட்டும் கருமானும் சுற்றளவைத்தான் முதலில் அளந்துகொள்கிறார்.

சில பெல்ட்களின் முதுகில் 842–20–30 போன்ற எண்கள் இருக்கும். நீளம் 842 மி.மீ., அகலம் 20 மி.மீ., கோணம் 30 பாகை என்பது அதன் பொருள். வேறு பலவற்றில் நிறுவனத்தின் உதிரிபாக எண் மட்டுமே காணப்படும். அவ்வெண்ணைக் குறித்துக்கொள்வதே உத்தமம். கோணம் பொருந்தாத பெல்ட், தட்டை முழுப் பக்கத்தாலும் பற்றாமல் ஓர் ஓரத்தால் மட்டும் பற்றும். சில நாள் ஓடிய பெல்ட்டின் பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக மெருகேறியிருக்கிறதா என்று பார்த்தால் இது விளங்கிவிடும்.

ஓட்டும் இடமும் தேய்மானத்தைப் பாதிக்கிறது. 2011 வரை ஆலந்தூர் நகராட்சியைச் சேர்ந்திருந்து, பின் சென்னை மாநகராட்சியோடு இணைந்த நங்கநல்லூரை எடுத்துக்கொள்வோம். அங்கே பழவந்தாங்கல் ரயில் நிலையத்திற்கும் கடைவீதிக்குமாக ஓடும் வண்டி, தெருவுக்குத் தெரு நின்று புறப்படுகிறது. பெல்ட் பெரும்பாலும் முன்புல்லியின் அடியில் சிறு வட்டத்தில் வளைந்தே உழைக்கிறது. ஆதலின் உட்பக்கப் பற்களின் அடியில் வெடிப்புகள் விழுந்துள்ளனவா என்று பார்ப்பது அங்கே அவசியம். கிராமத்து வண்டியோ இரு பால்கேன்களோடு நீண்ட சாலையில் விரைவதால் சூடும் அகலத் தேய்வும் மிகுதி. கிலோமீட்டர் கணக்கு ஒன்றேயாயினும் இரண்டும் ஒரே விதமாகத் தேய்வதில்லை.

பூட்டும்போது எஞ்சின் நின்றிருக்க வேண்டும். பின்புல்லியின் தட்டுகளைக் கையால் விலக்கிப் பெல்ட்டை ஆழத்தில் இறக்கிய பிறகே முன்புல்லியின் நட்டை இறுக்குதல் வேண்டும். பெல்ட் இடையில் சிக்கியிருக்க நட்டை இறுக்கினால், ஓட்டத்தில் பெல்ட் நகர்ந்ததும் நட்டு தளர்ந்துவிடும். பெல்ட்டில் அம்புக்குறி இருப்பின் அது சுழலும் திசையை நோக்கட்டும். கிரீஸ் கையால் தொடலாகாது.

பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒரு வெர்னியரும், ஊரிலுள்ள ஸ்கூட்டர் வகைகளின் பெல்ட் எண், அகலம், தேய்மான எல்லை ஆகியவற்றை எழுதிய ஒரு நோட்டுப் புத்தகமும் வைப்பது பெருஞ்செலவன்று. பெல்ட் வாங்க நகரம் செல்பவர் அதைப் பார்த்துக் குறித்துக்கொண்டு புறப்படலாம்.