பெருநாள் திடலில் உம்மாவுக்கும் ஓர் இடம்

கொழும்புக்கு வந்தும் காலிமுகத்திடலைப் பார்க்காமல் திரும்பும் குடும்பங்கள் குறைவு. ஆனால் அங்கே கடலோர நடைபாதையருகில் இருக்கும் நினைவுக் கல்லை நின்று வாசித்தவர்கள் அதனினும் குறைவு. அந்த நடைபாதையை ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்க, 1859இல் வேலை முடிந்தது. கொழும்பு நகரத்துப் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காக இதைப் பேணி வருமாறு தமக்குப் பின் வரும் ஆளுநர்களை அவர் கேட்டுக்கொண்டதாக அந்தக் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

பெருநாள் தினத்தில் அதே திடலுக்குச் சென்று பாருங்கள். காலையில் தொழுகைக்காகப் பெருங்கூட்டம் திரள்கிறது. பெண்களும் வந்து தொழுவதுண்டு. ஆனால் எமது வீடுகளில் பெரும்பாலானவற்றில் நடப்பது என்ன? ஆண்களும் பையன்களும் புத்தாடை உடுத்து, அத்தர் பூசிக் கிளம்புகிறார்கள். உம்மா அடுப்படியில் வட்டிலாப்பத்தை இறக்கிக்கொண்டிருக்கிறார். பகலில் விருந்தினர், பின்னேரம் பாத்திரங்கள். அஸருக்குப் பின் குடும்பமாகத் திடலுக்குப் போனாலும் பிள்ளைகள் பட்டம் விடுகிறார்கள், வாப்பா நண்பர்களோடு கதைக்கிறார், உம்மா பைகளையும் செருப்புகளையும் காவல் காக்கிறார். மஃரிப் ஆனதும் வீடு திரும்புகிறார்கள். அவருடைய பெருநாள் அவ்வளவுதான்.

அண்மையில் பாடசாலையில் பெற்றோர் கூட்டம் முடிந்த பின்னர் ஒரு தாய் என்னிடம் வந்து கேட்டார்: “மௌலவி, லீவு நாளில் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது? எதைக் கேட்டாலும் கூடாது என்கிறார்கள். வீட்டில் வைத்திருந்தால் முழு நாளும் போனைத்தான் பார்க்கிறார்கள்.”

அவருடைய கேள்வி மார்க்கத்தோடும் குடும்பத்தோடும் சம்பந்தப்பட்டது. ஆகவே சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

மதீனாவின் பெருநாள்

ஒரு நகரத்தின் விழா எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு எமக்கு முதல் முன்மாதிரி மதீனா. ஒரு பெருநாள் தினத்தில் அபிசீனியர்கள் ஈட்டிகளையும் கேடயங்களையும் வைத்து மஸ்ஜிதுந் நபவியில் விளையாடினார்கள். நபி (ஸல்) அவர்கள் தமது துணைவியார் ஆயிஷா (ரழி) அவர்களைத் தமக்குப் பின்னால் நிறுத்தி, அந்த விளையாட்டைப் பார்க்கச் செய்தார்கள். ஆயிஷா (ரழி) அவர்கள் தாமாகவே சலித்து விலகும்வரை நபியவர்கள் பொறுமையாக நின்றார்கள். விளையாட்டில் ஆசையுள்ள இளம்பெண்ணின் மனதை நீங்கள் மதிப்பிட்டுக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் அன்னையவர்கள் பிற்காலத்தில் இதை எடுத்துச் சொன்னார்கள். புஹாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் இந்த ஹதீஸ் உள்ளது.

இன்னொரு பெருநாளன்று அன்னையவர்களின் வீட்டில் இரு சிறுமிகள் பாடிக்கொண்டிருந்தார்கள். அபூபக்கர் (ரழி) அவர்கள் வந்து அதட்டியபோது, ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு பெருநாள் உண்டு, இது எமது பெருநாள், அவர்களை விட்டுவிடுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள்.

உம்மு அதிய்யா (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸையும் எமது சகோதரிகள் அறிந்திருக்க வேண்டும். கன்னிப் பெண்களையும் மாதவிடாய் வந்த பெண்களையும்கூடப் பெருநாள் திடலுக்கு அழைத்து வருமாறு நபியவர்கள் ஏவினார்கள். மாதவிடாய் உள்ளவர்கள் தொழும் இடத்திலிருந்து ஒதுங்கி, நன்மையான காரியங்களிலும் துஆவிலும் கலந்துகொள்ள வேண்டும். போர்த்திக்கொள்ள மேலாடை இல்லாத பெண் என்ன செய்வது என்று கேட்கப்பட்டபோது, அவளுடைய தோழி தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்து உதவட்டும் என்றார்கள். வெளியில் வருவதற்கு உடை இல்லை என்ற காரணத்துக்காகக்கூட ஒரு பெண் அந்த மகிழ்ச்சியிலிருந்து விடுபட்டுப் போவதை நபியவர்கள் விரும்பவில்லை.

நான் செய்த தவறு

இந்த ஹதீஸ்களையெல்லாம் அரபுக் கல்லூரியில் உஸ்தாதுமாரிடம் முறையாக ஓதியவன்தான் நான். என்றாலும் பட்டம் பெற்று வந்த புதிதில் அவற்றின்படி நடக்கத் தெரியவில்லை. ஒரு பாடசாலையின் மீலாத் விழாவில் சிறுமிகள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு கஸீதா பாட ஆயத்தமாகியிருந்தார்கள். அதில் ஒரு வரி அகீதாவுக்குப் பொருத்தமில்லாமல் இருந்தது. நான் அந்த நிகழ்ச்சியையே நிகழ்ச்சிநிரலிலிருந்து நீக்கச் சொன்னேன். எல்லோரும் கேட்டார்கள். மார்க்கத்தைக் காத்துவிட்டதாக எனக்குத் திருப்தி.

அந்தச் சிறுமிகளில் ஒருவர் இன்று என்னிடம் படிக்கும் மாணவன் ஒருவனின் தாய். ஒருநாள் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: “அதுக்குப் பிறகு நான் மேடைப் பக்கமே போகல்ல மௌலவி. மகள் கேட்டாலும் போக விடப் பயம்.” எனக்குச் சிரிக்க முடியவில்லை.

அன்றிரவு ருபைய்யிஃ பின்த் முஅவ்வித் (ரழி) அவர்களின் ஹதீஸ் நினைவுக்கு வந்தது. அவர்களுடைய திருமணத்தின்போது நபி (ஸல்) அவர்கள் வீட்டுக்கு வந்து அமர்ந்தார்கள். சிறுமிகள் ‘தஃப்’ தட்டி, பத்ரில் ஷஹீதான தமது மூத்தோரைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தார்கள். தஃப் என்பது எமது றபானைப் போன்ற ஒருபக்கத் தோற்கருவி. இடையில் ஒரு சிறுமி, நாளை நடப்பதை அறியும் நபி எம்மிடையே இருக்கிறார் என்ற பொருளில் பாடினாள். நபியவர்கள் அதை விட்டுவிட்டு, முன்னர் பாடியதையே பாடுமாறு கூறினார்கள்.

தவறான ஒரு வரியைத் திருத்தினார்கள். பாட்டையோ சிறுமியின் வாயையோ அடைக்கவில்லை. நான் செய்தது அதற்கு நேர்மாறானது. அந்த வரியை மாற்றிக் கொடுக்க எனக்குப் பத்து நிமிடம் போதுமாக இருந்திருக்கும்.

வெறுமையாகிய இடம்

எமது முன்னோரிடம் கலை இல்லாமல் இருக்கவில்லை. ரமழானில் ஸஹருக்கு எழுப்ப பக்கீர் பாவாமார் றபான் தட்டி பைத் பாடிக்கொண்டு தெருத்தெருவாக வருவார்கள். கொம்பனித்தெரு மலாய்க் குடும்பங்களில் கல்யாண வீடுகளில் பந்துன் பாட்டு ஒலித்தது. கிழக்கிலே வயலிலும் வாசலிலும் எமது பெண்கள் தாமே கட்டிப் பாடிய கவிகளை நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் தேடித் தொகுத்திராவிட்டால் அவையும் மறைந்திருக்கும். என் உம்மும்மா பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவரல்லர். ஆனால் அக்கம்பக்கத்துப் பெண்களைத் திண்ணையில் கூட்டி வைத்துப் ‘பெண்புத்தி மாலை’யையும் ‘நூறு மசலா’வையும் இராகத்தோடு வாசிப்பார். பிள்ளைகள் மடியில் படுத்துக் கேட்போம்.

இவற்றுள் சிலவற்றில் மார்க்கத்துக்கு ஒவ்வாதவை கலந்திருந்தன என்பது உண்மை. அவற்றைக் களைய வேண்டியது உலமாக்களின் கடமை. ஆனால் களையைப் பிடுங்கப் போய்ப் பயிரையும் பிடுங்கிவிட்டோம், வேறொன்றை நடவுமில்லை. வெறுமையாகக் கிடந்த அந்த இடத்துக்கு முதலில் தொலைக்காட்சி நாடகங்கள் வந்தன, இன்று கையடக்கத் தொலைபேசி வந்திருக்கிறது. றபான் சத்தத்தை ஆட்சேபித்த நாம், பன்னிரண்டு வயதுப் பிள்ளை நள்ளிரவில் எதைப் பார்க்கிறது என்று கேட்பதில்லை.

2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின் பொது இடங்களுக்குப் போகவே எமது பெண்கள் தயங்கினார்கள். அடுத்த வருடம் கொரோனா வந்து எல்லோரையும் வீட்டுக்குள் பூட்டியது. அந்தப் பூட்டைச் சில வீடுகள் இன்னும் திறக்கவில்லை.

நகரத்தில் எமக்கும் பங்குண்டு

கொழும்பு நகரத்தில் நடப்பவை அனைத்தும் ஆடல்பாடல் களியாட்டங்கள் என்று எண்ணுவது தவறு. செப்டெம்பர் மாதங்களில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் நடைபெறும் சர்வதேசப் புத்தகக் கண்காட்சி 1999இல் ஆரம்பமானது. தமிழ், இஸ்லாமிய நூல்களும் அங்கே கிடைக்கின்றன. ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் தெருவோரமாகவே ஓவியர்கள் தமது படைப்புகளை வைக்கும் ‘கலா பொல’ என்னும் சித்திரச் சந்தை 1993இல் தொடங்கியது. அங்கே எமக்கு ஒவ்வாத படங்களும் சிலைகளும் இருக்கும். கடலும் மரமும் பழைய தெருக்களும் வரையப்பட்ட படங்களும் இருக்கும். எதைப் பார்ப்பது, எதைக் கடந்து செல்வது என்பதைத் தாய் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தால் அதுவும் ஒரு தர்பியத்தான்.

தேசிய நூதனசாலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1877ஆம் ஆண்டு முதலாந் திகதி ஜனவரியில் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தைக் கட்டியவர் எமது வாப்பிச்சி மரிக்கார். என்ன வெகுமதி வேண்டுமென ஆளுநர் கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலை மூடப்பட வேண்டும் என்று மட்டும் அவர் கேட்டதாகச் சொல்லப்படுகிறது. அவ்வாறே நீண்ட காலம் வெள்ளிக்கிழமைகளில் அது மூடப்பட்டிருந்தது. ஜும்ஆவையும் கைவிடாமல் நகரத்துக்கு ஓர் அழகிய கட்டடத்தையும் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அந்தப் படிகளில் ஏறும்போது இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

எல்லை எது?

‘அப்படியானால் எதற்கும் போகலாமா?’ என்று சிலர் கேட்பார்கள். இல்லை. ஒரு நிகழ்ச்சிக்குக் குடும்பத்தோடு புறப்படுமுன் நான்கு விடயங்களைப் பாருங்கள். அங்கே ஈமானுக்கு மாறான வணக்கமோ சொல்லோ உண்டா? மதுவும் வெட்கங்கெட்ட ஆட்டமும் உண்டா? தொழுகை தவறிப்போகுமா? பெண்கள் கண்ணியமாக நிற்கவும் உட்காரவும் இடம் உண்டா? இவற்றுக்குத் திருப்தியான பதில் கிடைத்தால் தாராளமாகப் போய் வாருங்கள். இசைக் கருவிகள் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பேணுதலாக இருக்க விரும்புபவர்கள் பேணுதலாக இருக்கலாம். ஆனால் கருத்து வேறுபாடுள்ள ஒரு விடயத்துக்காக, வேறுபாடே இல்லாத நல்ல காரியங்களையும் சேர்த்து மூடிவிட வேண்டாம்.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கு

இனி, மஹல்லாத் தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள். இரு பெருநாள்களிலும், பெருநாளுக்கு அடுத்த நாள் பின்னேரத்தைப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒதுக்குங்கள். பாடசாலை மண்டபமோ மத்ரஸா முற்றமோ போதும். சிறுமிகளின் கிராஅத், கஸீதா, கவிதை, வரலாற்று வினாவிடை, சிறுவர் விளையாட்டு, கைவேலைக் கண்காட்சி என எத்தனையோ செய்யலாம். வயதுவந்த பெண்களின் நிகழ்ச்சிகளைப் பெண்கள் மத்தியிலேயே வைத்துக்கொள்ளலாம். மூத்தம்மாமாரை அழைத்து, அவர்களுக்குத் தெரிந்த தாலாட்டையும் விடுகதைகளையும் பிள்ளைகள் முன் சொல்ல வையுங்கள். பக்கத்து வீட்டுச் சிங்கள, தமிழ்ச் சகோதரிகளையும் கூப்பிடுங்கள். 2022 ரமழானில் காலிமுகத்திடல் போராட்டக் களத்தில் எல்லாச் சமூகத்தாரும் ஒன்றாக உட்கார்ந்து இஃப்தாரில் கலந்துகொண்டதை நாடே பார்த்தது. அழைத்தால் வருவார்கள்.

முக்கியமான ஒன்று: அன்று சமையல் ஆண்களின் பொறுப்பாக இருக்கட்டும். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாருக்குப் பணிவிடை செய்பவர்களாக இருந்தார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்களே கூறியிருக்கிறார்கள். ஒரு பின்னேரம் தேநீரும் சிற்றுண்டியும் பரிமாறுவதால் எமது மதிப்பு குறைந்துவிடாது.

கணவன்மாருக்கும் ஒரு வார்த்தை. அடுத்த பெருநாளன்று திடலுக்குப் போனால் பைகளையும் செருப்புகளையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மனைவி பிள்ளைகளோடு சற்றுத் தூரம் கடலோரமாக நடந்து வரட்டும். அவராகச் சலித்துத் திரும்பும்வரை பொறுத்திருங்கள். அப்படிக் காத்து நிற்பதும் ஒரு ஸுன்னத் என்பதை மறவாதீர்கள்.

என் மாணவனின் தாயிடம், வரும் மீலாத் நிகழ்ச்சிக்கு அவருடைய மகளையும் பாட அனுப்பும்படி கேட்டிருக்கிறேன். கஸீதாவின் வரிகளை நானே பார்த்துத் திருத்திக் கொடுப்பதாகவும் சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

எமது வீடுகளின் மகிழ்ச்சியை ஹலாலானதாகவும் அனைவருக்கும் பொதுவானதாகவும் வல்ல அல்லாஹ் ஆக்கி வைப்பானாக. ஆமீன்.