உயரத்திலிருந்து விழும் பாம்பு

கொம்பேறி மூக்கன் என்னும் பாம்பு ஒருவரைக் கடித்தபின் மரத்தின்மேல் ஏறி, அவரது சிதைப் புகையைப் பார்த்துவிட்டே இறங்கும் என்று சிற்றூர்களில் சொல்வதுண்டு. அது வெறுங்கதை. அப்பாம்பிற்கு மனிதரைக் கொல்லும் நஞ்சு இல்லை. ஆனால், அது மரமேறும் என்பதும் கிளைவிட்டுக் கிளை தாவும் என்பதும் உண்மை. தாவும்போது பிடி தவறினால் அதற்கு என்ன நேரும்?

கீழே விழும் பொருளின் வேகத்தைப் புவியீர்ப்பு விசை கூட்டுகிறது; காற்று தடுக்கிறது. வேகம் கூடக்கூடக் காற்றின் தடையும் கூடும். தடை எடைக்குச் சமமாகும்போது வேகம் மேலும் கூடாது. இதனை முற்றுத் திசைவேகம் என்பர். அதனை அடைந்துவிட்ட பொருள், இன்னும் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்திருந்தாலும் அதே வேகத்தில்தான் தரையைத் தொடும்.

பனைமரத்திலிருந்து விழும் எறும்பு எழுந்து நடக்கிறது. பனம்பழமோ 'தொப்'பென்று விழுந்து நசுங்குகிறது. ஒரே வடிவமுடைய இரு பாம்புகளுள் ஒன்று மற்றதைவிட இருமடங்கு நீளமானது என்று கொள்வோம். அதன் மேற்பரப்பு நான்கு மடங்கு. எடையோ எட்டு மடங்கு! காற்று தடுக்கும் பரப்பைவிட எடை மிகுதியாகப் பெருகுவதால், பெரிய பாம்பு விரைந்து விழுந்து கடுமையாக அடிபடும். ஆகவே மெலிந்த பச்சைப் பாம்பு பிழைக்கும் உயரத்திலிருந்து பருத்த மலைப்பாம்பு விழுந்தால் பிழைப்பது அரிது. விழும் இடம் சருகா பாறையா என்பதும் முடிவை மாற்றும்.

பாம்பின் முதுகெலும்பு இருநூறுக்கும் மேற்பட்ட சிறு எலும்புகளால் ஆனது. விலா எலும்புகளை முன்புறம் இணைக்கும் மார்பெலும்பு அதற்கு இல்லை. அதனால் உடல் நன்கு வளையும். எனினும், பூனையைப்போல் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளக் கால்கள் இல்லையே!

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் பறக்கும் பாம்பு இச்சிக்கலுக்கு வியப்பான தீர்வு கண்டுள்ளது. அது கிளையிலிருந்து தானே பாய்கிறது. பாய்ந்தவுடன் விலா எலும்புகளை விரித்து, உருண்டையான உடலை ஏறத்தாழ இருமடங்கு அகலமாகத் தட்டையாக்குகிறது. பின்னர்க் காற்றில் நெளிந்து நெளிந்து சறுக்குகிறது. இதன் உறவினமான ஒரு பாம்பைச் சிங்கப்பூரில் 10 மீட்டர் உயரக் கோபுரத்திலிருந்து பாயவிட்டு ஜேக் சோகா என்னும் அறிஞர் ஆராய்ந்து, 2002 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். அந்நெளிவு பாம்பு நிலைகுலைந்து புரளாமல் காக்கிறது என்பதை அவர் குழுவினர் 2020 இல் விளக்கினர். பெயரில்தான் பறத்தல் உண்டு. மேல்நோக்கி எழ அதனால் இயலாது.

மைசூருவில் உங்கள் கன்னட நண்பர்கள் பாம்பை 'ஹாவு' என்பர். நம் 'பால்' அங்கே 'ஹாலு' ஆவதுபோலப் 'பாம்பு' 'ஹாவு' ஆயிற்று. கூரையிலிருந்தோ மரத்திலிருந்தோ ஒரு ஹாவு விழுந்து அசையாமல் கிடந்தால், இறந்துவிட்டதென எண்ணிக் குச்சியால் தொடாதீர்கள். அதிர்ச்சியால் சற்றுநேரம் அடங்கிக் கிடக்கும் பாம்பு திடீரெனக் கடிக்கக்கூடும். அடிக்கவும் வேண்டா, 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாம்புகளையும் காக்கிறது. விலகி நின்று பெரியவர்களிடம் கூறினால், அவர்கள் வனத்துறையினரையோ பாம்பு மீட்பவரையோ அழைப்பார்கள். வெளியே காயம் தெரியாவிடினும் உள்ளே எலும்பு முறிந்திருக்கலாம். அதனை அறிந்து மருத்துவம் செய்வது அவர்களது வேலை.