விதண்டாவாதம்

திருவாதவூர் என்று எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னதும், "அவ்வூரார் வாதம் புரிவதில் வல்லவரோ?" என்று நகைப்பவர் உண்டு. ஊர்ப் பெயரிலுள்ள வாதம் காற்றைக் குறிப்பது. வாயு வழிபட்ட தலம் என்பது தலபுராணம். வழக்காடுதலைக் குறிக்கும் வாதம் வேறு சொல். வடமொழியில் வேறு வேறு எழுத்தால் எழுதப்படும் இரண்டும் தமிழில் ஓரெழுத்தாய்விட்டன. எனினும், இங்கே பிறந்த மணிவாசகர் தில்லையில் புத்தரோடு வாதிட்டு வென்றார் என்று புராணம் கூறுதலால், அந்த வாதமும் எங்களுக்கு அயலன்று.

மாணவர்களே, கௌதமர் இயற்றியதாகக் கூறப்படும் நியாய சூத்திரம் விவாதத்தை மூவகையாகப் பிரிக்கிறது. உண்மையை அறிய இருவர் கூடிப் பேசுவது வாதம். வெல்வதொன்றே நோக்காகப் பேசுவது ஜல்பம். தனக்கென ஒரு கொள்கையை நாட்டாமல், பிறர் கொள்கையை வெட்டுவதையே தொழிலாகக் கொண்டது விதண்டை. ஆகவே இது முதலில் வசைச்சொல் அன்று. தருக்க நூலாரின் கலைச்சொல். இன்றோ, வீட்டிலும் தெருவிலும் பயனற்ற பேச்சு எதுவாயினும் அதன் தலையில் இப்பெயரைச் சூட்டிவிடுகிறோம். குதர்க்கம் என்பது கோணலான தருக்கம்; பிடிவாதம் என்பது கொண்டதை விடாமை. இவை வேறு, விதண்டாவாதம் வேறு.

சொல்லைப் புரட்டிப் பேசுவதற்குச் சலம் என்று பெயர். "இவன் நவ கம்பளம் உடையவன்" என்று ஒருவர் புதுக் கம்பளத்தைச் சொல்ல, "ஒன்பது கம்பளம் எங்கே?" என்று மற்றவர் மடக்குவதைப் பழைய உரைகாரர் காட்டுவர். நவநாகரிகம், நவதானியம் இரண்டையும் அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும். எங்கள் ஊர்ப் பெயரை வைத்து நகைப்பவரும் இவ்வினத்தவரே.

மதுரைச் சங்கத்தில் இறைவன் பாட்டிலே குற்றம் கண்ட நக்கீரரை விதண்டாவாதி எனலாமோ? கூடாது. மகளிர் கூந்தலுக்கு இயற்கை மணம் இல்லை என்று தம் கொள்கையை அவர் தெளிவாக நாட்டினார். நெற்றிக்கண் திறந்தபோதும் மாற்றவில்லை. வானுலக மகளிர்க்கும் அஃதே என்று காணாமலே துணிந்தது வேண்டுமானால் பிடிவாதம் ஆகலாம்.

இக்கதையை நான் வகுப்பில் நடத்திய ஒருநாள், மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, மணம் இல்லை என்பதை நக்கீரர் எப்படி அறிந்தார்?" என்றான். பாடம் முடியவேண்டிய அவசரம் எனக்கு. "விதண்டாவாதம் பண்ணாதே, உட்கார்" என்றேன். அன்றிரவு நூலைப் புரட்டியபோதுதான் என் பிழை விளங்கியது. அவன் எதையும் வெட்டவில்லையே! விடையை வேண்டிக் கேட்டான். விதண்டாவாதிக்கு விடை வேண்டியதில்லை.

மறுநாள் வகுப்பின் முன்னிலையில் என் பிழையை ஒப்புக்கொண்டு, அக்கேள்வியை மீண்டும் கேட்கச் சொன்னேன். "ஒன்றுமில்லை, ஐயா" என்றான். அவ்வாண்டு முழுவதும் அவன் கேள்வி கேட்கவே இல்லை.