காலை டிபன் யார் செய்வா?



இது என் வீட்டுக் கதை. எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும், என்னைப் போன்ற மாமியார்கள் நாலு பேராவது படித்து யோசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் மருமகள் ஒரு நர்சரி பள்ளியில் தலைமை ஆசிரியை. பதினைந்து வருட சர்வீஸ். எந்தப் பிள்ளை சாப்பிடாமல் வருகிறது, எந்த அம்மா ஃபீஸ் கட்ட முடியாமல் தலை குனிந்து நிற்கிறாள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. உள்ளாட்சித் தேர்தல் பேச்சு கிளம்பியதும், தெருப் பெண்கள் ஏழெட்டு பேர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

"டீச்சர், நம்ம வார்டுக்கு நீங்கதான் நிக்கணும். நாங்க இருக்கோம்."

அவள் பதில் சொல்லும் முன் நான் முந்திக்கொண்டேன். "அதெல்லாம் சரிம்மா, காலைல டிபன் யாரு செய்வா?"

வந்தவர்கள் சிரித்தார்கள். மருமகளும் சிரித்தாள். ஆனால், காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள், வெகு நேரம் சமையலறையை விட்டு வரவே இல்லை. நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பத்து நாள் கழித்து, பேத்தி பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிக்குத் தயார் செய்ததை என்னிடம் ஒப்பித்துக் காட்டினாள். ஷெர்லி சிஸம் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணியைப் பற்றிய பேச்சு அது. கேட்கக் கேட்க எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. ஏன் என்று சொல்கிறேன்.

ஷெர்லி 1924-ல் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தவர். பெற்றோர் இருவரும் பிழைப்புத் தேடி வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள். அப்பா தொழிற்சாலைக் கூலி. அம்மா தையல் வேலையும், பிறர் வீடுகளில் வீட்டு வேலையும் செய்தவர். பிள்ளைகளை வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாமல், சின்னஞ்சிறு ஷெர்லியையும் தங்கைகளையும் பார்படோஸ் தீவில் இருந்த பாட்டியிடம் அனுப்பிவிட்டார்கள். 1934-ல்தான் ஷெர்லி திரும்பி வந்தார். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் ஒரு தாய் படும் பாடு என்ன என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பாருங்கள்!

1946-ல் கல்லூரி முடித்ததும் சிறு பிள்ளைகள் பள்ளியில் உதவி ஆசிரியையாகச் சேர்ந்தார். பகலில் வேலை, இரவில் மேல்படிப்பு. படிப்படியாக உயர்ந்து, ஒரு குழந்தைகள் காப்பகப் பள்ளிக்கே டைரக்டர் ஆனார். 3 வயது முதல் 7 வயது வரை 130 குழந்தைகள். அவருக்குக் கீழே 24 ஊழியர்கள். 1959 முதல் நகராட்சியின் குழந்தைகள் நலப் பிரிவில், காப்பகங்களுக்குக் கல்வி ஆலோசகராகவும் இருந்தார்.

அதே சமயம், உள்ளூர் கட்சிக் கிளப்பிலும் வேலை பார்த்தார். அங்கே பெண்களுக்கு என்ன வேலை தெரியுமா? நிதி திரட்டும் விழா நடத்துவது, லாட்டரி டிக்கெட் விற்பது. பணம் சேர்ப்பது பெண்கள். மேடையில் உட்காருவது ஆண்கள். "பணத்தைக் கொண்டு வருவது நாங்கள், எங்கள் விழாச் செலவுக்குப் பணம் ஒதுக்குங்கள்" என்று பெண்களைத் திரட்டிக் கேட்க வைத்தவர் ஷெர்லி. அடேயப்பா, நம் ஊர் விசேஷ வீடுகள் ஞாபகம் வருகிறதா இல்லையா!

1964-ல் அந்தத் தொகுதியின் சட்டசபை உறுப்பினர் நீதிபதியாகிப் போனதால், நியூயார்க் மாநில சட்டசபையில் ஓர் இடம் காலியானது. "நான் நிற்கிறேன்" என்றார் ஷெர்லி. இத்தனை வருடம் உழைத்தவருக்குக் கட்சிக்காரர்கள் உடனே தலையாட்டினார்களா என்றால், இல்லை. பொம்பளை ஆயிற்றே! கணவர் கான்ராட் மட்டும், "நீ நில்லு" என்று முழு மனதோடு கூட நின்றார்.

வேட்புமனுவுக்குக் கையெழுத்து வாங்க, குளிரில் தெருத் தெருவாகப் போனார். அப்போது ஒரு பெரியவர் அவரை நிறுத்தி, புருஷனுக்குக் காலைச் சாப்பாடு கொடுத்தாயா, வீட்டை ஒழுங்கு பண்ணினாயா, இது ஆம்பளைங்க வேலையாச்சே என்கிற அர்த்தத்தில் கேட்டாராம். ஷெர்லியே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

பேத்தி இந்த இடத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "பாட்டி, நீங்க அன்னிக்கு அம்மாவைக் கேட்ட மாதிரியே இல்ல?"

எனக்கு வாயடைத்துவிட்டது. ஏழு கடல் தாண்டி, 1964-ல் யாரோ ஒரு கிழவர் கேட்ட அதே கேள்வியை, நானும் ஒரு பெண்ணாக இருந்துகொண்டு, என் வீட்டுக் கூடத்தில் வைத்துக் கேட்டிருக்கிறேன்!

ஷெர்லி அந்த மாதிரிக் கேள்விகளுக்குக் கோபப்படவில்லை. 'இத்தனை காலம் இந்த ஜனங்களுக்காகத்தான் வேலை செய்தேன், இனி இன்னும் கொஞ்சம் மேலே போய்ச் செய்ய வாய்ப்புக் கொடுங்கள்' என்று பொறுமையாகச் சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாராம். நவம்பரில் தேர்தல் நடந்தது. பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார்.

ஜெயித்துப் போய் என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். மாநிலத் தலைநகர் ஆல்பனி, புரூக்ளினிலிருந்து சுமார் 240 கி.மீ. தூரம். 1965 முதல் 1968 வரை சட்டசபையில் இருந்த நாலு வருடத்தில் 50 மசோதாக்கள் கொண்டு வந்தார், 8 நிறைவேறின. அவற்றில் மூன்றை மட்டும் சொல்கிறேன், கேளுங்கள்.

ஒன்று, வீட்டு வேலை செய்பவர்களுக்கு வேலை போனால் உதவித்தொகை. அவர் அம்மா செய்த வேலை அது.

இரண்டு, ஆசிரியைகளுக்கானது. பிரசவத்துக்காக நடுவில் நின்றால், அதுவரை சேர்ந்த பணி உரிமை பறிபோய்விடும் நிலை இருந்தது. அதை மாற்றினார். அவரோடு வேலை பார்த்தவர்கள் பட்ட கஷ்டம் அது.

மூன்று, ஏழைப் பிள்ளைகள் பின்தங்கிய பள்ளியில் படித்தவர்களாக இருந்தாலும், தனிப் பயிற்சியும் பண உதவியும் கொடுத்துக் கல்லூரியில் சேர்க்கும் 'சீக்' என்ற திட்டம். அவர் பள்ளி வாசலில் பார்த்த பிள்ளைகள் அவர்கள்.

மூன்றுமே அவர் வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் கண்ணால் பார்த்த விஷயங்கள். சாயங்காலம் பிள்ளையை அழைத்துப் போக ஓர் அம்மா அரை மணி நேரம் தாமதமாக ஓடி வந்தால், 'பொறுப்பில்லாதவள்' என்று நாம் சொல்லிவிடுவோம். அவள் ஏன் தாமதமாக வருகிறாள், முதலாளி எத்தனை மணிக்கு விடுகிறார், பஸ் எத்தனை மணிக்கு என்பது பள்ளியை நடத்துகிறவளுக்குத்தான் தெரியும். சட்டம் போடுகிற இடத்தில் அது தெரிந்தவர் ஒருவராவது இருக்க வேண்டாமா?

1968-ல் ஷெர்லி அமெரிக்க நாடாளுமன்றத்துக்கும் ஜெயித்துப் போனார். அங்கே போன முதல் கறுப்பினப் பெண்மணி அவர்தான். 1972-ல் ஜனாதிபதி வேட்பாளராகக் கட்சிக்குள் போட்டியிட்டார், அதில் ஜெயிக்கவில்லை. 2005-ல், 80 வயதில் காலமானார். 2015-ல் அமெரிக்காவின் உயர்ந்த விருதான 'சுதந்திரப் பதக்கம்' அவர் பெயருக்கு வழங்கப்பட்டது.

அன்று இரவு மருமகள் மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்பெல்லாம் கேட்டுப் பழக்கமில்லை. "நாளையிலேர்ந்து காலை டிபன் என் பொறுப்பு. உன் புருஷன் தேங்காய் துருவிக் கொடுக்கட்டும். நீ அந்தப் பொண்ணுங்களைக் கூப்பிட்டுப் பேசு" என்றேன்.

"அத்தை, உங்களுக்கு முட்டி வலிக்குமே..."

"இட்லி ஊத்தறதுக்கு முட்டி எதுக்குடி?" என்றேன்.

இந்த முறை நிஜமாகவே சிரித்தாள்.

அவள் நிற்பாளோ, மாட்டாளோ. நின்றால் ஜெயிப்பாளோ, தோற்பாளோ, தெரியாது. அது அவள் முடிவு, ஜனங்கள் முடிவு. ஆனால், அவள் நிற்காமல் போனால் அதற்குக் காரணம் என் வீட்டு இட்லிப் பானையாக இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

தோழியரே, உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ ஒரு பெண் வெளி வேலைக்குக் கிளம்பும்போது, "வீட்டை யார் பார்த்துப்பா?" என்ற கேள்வி உங்கள் வாயில் வருகிறதா? அதை அவளிடம் கேட்காதீர்கள். கேள்வி நியாயமானதுதான். வீட்டில் மீதி இருக்கிறவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அவர்களிடம் கேளுங்கள்.

- பெயர் வெளியிட விரும்பாத ஒரு மாமியார், கும்பகோணம்.