தவக்கால நேர்ச்சையும் மருத்துவரின் துணையும்



சாம்பல் புதன் வந்ததும், "இந்த நாற்பது நாளும் குடியைத் தொட மாட்டேன்" என்று மாதாவுக்கோ உவரி அந்தோணியாருக்கோ நேர்ந்துகொள்பவர்கள் நெல்லைச் சீமையில் பலர். போற்றத்தக்க முயற்சிதான். ஆயினும், நாள்தோறும் அளவுக்கு மீறிக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம் என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும்.

ஏன் அப்படி?

மது மூளையின் வேகத்தைக் குறைக்கிறது. தினமும் குடிக்கும்போது மூளை அதை ஈடுகட்டத் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. மது திடீரென நின்றால் அந்த வேகம் மட்டும் கட்டுப்பாடின்றி மிஞ்சுகிறது. முதல் நாளிலேயே கை நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை தோன்றும். இரண்டு நாள்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு முதல் நான்கு நாள்களில் சிலர் இல்லாதவற்றைக் கண்டு அலறுவார்கள். ஆள் அடையாளம் தெரியாது. இதைப் பேய்ச் சேட்டை என்றோ, தெய்வத் தண்டனை என்றோ எண்ணிக் காலம் தாழ்த்தினால் மரணமும் நேரலாம். நடுக்கம் தணிய வீட்டாரே மீண்டும் வாங்கிக் கொடுப்பதும் உண்டு. நேர்ச்சை அத்துடன் முடிந்துவிடுகிறது.

2019-இல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, நம் நாட்டில் மது அருந்துவோர் ஏறக்குறைய 16 கோடிப் பேர். குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர் மட்டுமே ஏதேனும் சிகிச்சையோ உதவியோ பெற்றிருந்தார். வெளியே தெரிந்தால் மானம் போகும், மகளுக்கு வரன் வராது என்று நாம் மூடி மறைப்பதும் இதற்கு ஒரு காரணமல்லவா?

நாம் செய்ய வேண்டியவை

1. நிறுத்தும் முன்பே மருத்துவரைப் பாருங்கள். எவ்வளவு குடித்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பாளையங்கோட்டையில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14446 என்ற தேசிய இலவச உதவி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

2. வலிப்போ மனக்குழப்பமோ கண்டால் உடனே 108-ஐ அழையுங்கள்.

3. குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றிலும் குழம்பிலும் மருந்து கலக்காதீர்கள். டைசல்பிரம் போன்ற மருந்து உடலில் இருக்கும்போது அவர் குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகலாம்.

4. உயிர்ப்பு ஞாயிறு விருந்தோடு பழைய பழக்கம் திரும்பாதிருக்கத் தொடர் ஆலோசனை தேவை. 1935-இல் அமெரிக்காவில் இரு குடிநோயாளிகள் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்கள், அதே துன்பத்தைக் கடந்தவர்களின் துணையைத் தருகின்றன.

மருத்துவரை நாடுவது விசுவாசக் குறைவா? இல்லை. நோயுற்றவர் இறைவனை மன்றாடவும் வேண்டும், மருத்துவருக்கு இடம் கொடுக்கவும் வேண்டும் என்று சீராக்கின் ஞான நூல் 38-ஆம் அதிகாரம் இரண்டையும் சேர்த்தே கற்பிக்கிறது. மதுவை அளவுமீறி அருந்துவதைக் கண்டிக்கும் திருச்சபை, நோயாளியைக் கைவிடச் சொல்லவில்லை.

எனவே, இந்தத் தவக்காலத்தில் ஒரு சகோதரர் குடியை விட விரும்பினால், அவருக்காகச் செபிப்போம். மறுநாள் காலையில் அவரோடு மருத்துவமனைக்கும் செல்வோம்.