ஒரு பாதை, ஒரு வில்லை

புசல்லாவையிலிருந்து கொழும்புக்குப் புகையிரதத்திற் செல்ல விரும்புவோர் மலைச்சாலையின் வளைவுகளைக் கடந்து கம்பளைக்கு இறங்கி வருவர். அங்குள்ளது ஒற்றைப் பாதை. மேலேறும் வண்டிக்கும் கீழிறங்கும் வண்டிக்கும் அதே தண்டவாளந்தான். அவை மோதாதிருப்பது எவ்வாறு?

1878ஆம் ஆண்டில் எட்வர்ட் டையர் என்பவர் இதற்கொரு வழி கண்டார். அடுத்தடுத்த இரு நிலையங்களிலுள்ள கருவிகள் மின்கம்பியால் இணைக்கப்படும். ஒன்றிலிருந்து உலோக வில்லையொன்றை எடுத்துவிட்டால், அது மீண்டும் கருவிக்குட் புகும்வரை இரண்டிலிருந்தும் வேறு வில்லை வெளிவராது. வில்லை பெற்ற சாரதிக்கே பாதை உரியது. நமது மலைநாட்டுப் பாதையிலும் இம்முறை நெடுங்காலம் கைக்கொள்ளப்பட்டது.

கணினிக்குள்ளும் ஓர் ஒற்றைப் பாதை உண்டு. ஒரே செய்நிரலுக்குள் பல இழைகள் ஏககாலத்தில் வேலை செய்யும். அவை எழுதுவனவெல்லாம் ஒரே வெளியீட்டு வழியாகவே திரைக்கோ தாளுக்கோ செல்லவேண்டும். எழுத்துக்கள் முதலில் நினைவகத்தில் ஒரு தேக்கத்திற் சேரும். அடுத்த எழுத்து எவ்விடத்தில் அமைய வேண்டுமென்பதை இரு இழைகள் ஒருங்கே பார்த்து, இரண்டும் அவ்விடத்திலேயே எழுதினால் ஒன்றின் எழுத்து மற்றொன்றால் அழிந்துபோகும். ஆகவே 1995ஆம் ஆண்டின் போசிக்ஸ் நியமமும், பின்னர் 2011ஆம் ஆண்டின் சீ மொழி நியமமும் அவ்வழிக்கு ஒரு பூட்டை விதித்தன. 'பிரின்ட்எஃப்' என்னும் கட்டளை தொடங்கும்போது பூட்டைப் பெறும், முடிந்ததும் விடும்.

இத்தோடு கவலை தீர்ந்ததென்று எண்ணுவோர் பலர். தீரவில்லை. ஒரு தேயிலைத் தோட்டத்தின் சம்பளப் பட்டியலை இரு இழைகள் அச்சிடுவதாகக் கொள்வோம். ஒன்று மேற்கணக்கிற்கு, மற்றையது கீழ்க்கணக்கிற்கு. தொழிலாளியின் பெயருக்கு ஒரு கட்டளை, கொழுந்தின் நிறைக்கு ஒன்று, கூலிக்கு ஒன்று. ஒவ்வொரு கட்டளையும் பழுதின்றி முடியும். ஆயினும் இரண்டு கட்டளைகளுக்கு இடையில் பூட்டுத் திறந்துள்ளதே! மேற்கணக்குப் பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் கீழ்க்கணக்குப் பெண்ணின் கூலி வந்து அமரலாம். எழுத்து ஒன்றும் சிதையாததால், பிழை பார்ப்பவர் கண்ணுக்கும் அது எளிதில் அகப்படாது. சம்பள நாளன்று வரிசையில் நிற்பவளுக்கே அது தெரியவரும்.

பரிகாரம் இரண்டு. 'எஃப்லொக்ஃபைல்' என்னும் கட்டளையாற் பூட்டை முன்னரே பெற்று, மூன்றையும் எழுதியபின் விடுவது ஒன்று. வரி முழுவதையும் தனியே தொகுத்து, ஒரே கட்டளையில் அனுப்புவது மற்றொன்று. பின்னையதே நன்று, முன்னையதில் பூட்டை விட மறந்தால் ஏனைய இழைகள் காத்தே கிடக்கும், மாற்றுவண்டி வராத நிலையத்தில் நிற்கும் வண்டி போல.

விரைவுக்காகப் பூட்டையே பாராது எழுதும் கட்டளைகளும் உள. பூட்டு ஏற்கெனவே தன் கையில் இருக்கும் இழைக்கு அவை பொருந்தும். ஏனையோர்க்கு ஆபத்து. 1921ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் திகதி வேல்ஸ் நாட்டின் ஏபர்மியூல் நிலையத்தில் டையர் கருவிகள் பழுதின்றியே இருந்தன. ஆனால், சாரதி கொண்டுவந்து கொடுத்த பழைய வில்லையே மீண்டும் அவர் கையிற் கொடுக்கப்பட்டது. அதில் பொறித்திருந்த பெயரை ஒருவரும் வாசித்துப் பார்க்கவில்லை. எதிரே வந்த வண்டியோடு மோதி 17 பேர் மாண்டனர்.